கம்பளித் தரைவிரிப்பு வாங்குமுன் அதைப் புரட்டிப் பாருங்கள்

முதன்முதலாகக் கம்பளித் தரைவிரிப்பு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் கோலத்தையும் பார்த்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, மற்றவற்றை அதன் பிறகே விசாரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மெத்தென்றிருந்த ஒரு நீல விரிப்பை மேலாகத் தடவிப் பார்த்ததோடு சரி. ஒரு முனையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆறாம் ஆண்டில் அறையை ஒழுங்குபடுத்துவதற்காக அதைச் சுருட்டியபோது, தரை முழுவதும் மாவு சலித்ததுபோல் வெளிர்மஞ்சள் தூள் படிந்திருந்தது. நூல்களைப் பிடித்துக்கொண்டிருந்த பசை காய்ந்து உதிர்ந்து போயிருந்தது. மேற்பரப்பு மட்டும் அப்போதும் அழகாகவே இருந்தது. அதனால்தான் இப்போது யார் கேட்டாலும், விரிப்பைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்கிறேன். அதை எப்படிப் பார்ப்பது, அதற்கு முன்னும் பின்னும் எவற்றைக் கவனிப்பது என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே அளவு முடிவாகியிருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, அறைக்குச் சிறியதாக வாங்கிவிடுவதுதான். நடுவில் தபால்தலை ஒட்டியதுபோல் கிடக்கும் விரிப்பு அறையையே சுருக்கிக் காட்டும். கூடத்தில் சோபாவின் முன்கால்களாவது விரிப்பின்மேல் நிற்க வேண்டும். சுவர்ப் பக்கங்களில் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை தரை தெரியும்படி விட்டால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் விரிப்பதானால் மேசையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 60 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் பின்கால்கள் ஓரத்தைத் தாண்டி இறங்கி, திரும்ப ஏறும்போது ஓரத்து இழைகளை நாளடைவில் தேய்த்துவிடும். கட்டிலின் இருபுறமும் காலை ஊன்றி எழும் இடம் முழுவதும் கம்பளியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

எண்களை மட்டும் நம்பாமல், பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்குத் தரையில் பரப்பி ஒரு நாள் அப்படியே நடமாடிப் பாருங்கள். கதவு திறக்கும் பாதையில் விரிப்பின் முனை வருகிறதா, கதவின் அடிக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் உயரமுள்ள விரிப்பு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அதை உரசிக்கொண்டு போகும் என்றால் அந்த இடத்துக்கு அது உதவாது.

கம்பளி என்று சொன்னால் போதாது. எந்தக் கம்பளி என்று கேளுங்கள்

செயற்கை இழைகளில் மலிவான விரிப்புகள் ஏராளமாகக் கிடைக்கும்போது கம்பளியைத் தேடுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கம்பளி இழை சுருள் சுருளாக அமைந்திருப்பதால், மிதிபட்டு அமுங்கினாலும் மீண்டும் நிமிர்ந்துகொள்கிறது. அதன் மேற்புறத்தில் செதில்களும், லேனோலின் என்னும் இயற்கைக் கொழுப்பின் மிச்சமும் இருப்பதால், சிந்திய நீர் உடனே உள்ளே இறங்கிவிடாமல் சில நொடிகள் முத்தாக நிற்கும். துடைத்தெடுக்க அந்த நேரமே பெரிதும் உதவும். தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. நெருப்புப் பொறி விழுந்தால் உருகி ஒட்டாமல் கருகி அணையும் இயல்பும் அதற்கு உண்டு.

ஆனால் எல்லாக் கம்பளியும் தரைக்கு ஏற்றதன்று. மெல்லிய ஆடைகளுக்குப் புகழ்பெற்ற மெரினோ கம்பளியின் இழை 24 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்கும் குறைவானது. தரையில் போட்டு மிதித்தால் விரைவில் சடைபிடித்துப் படுத்துவிடும். தரைவிரிப்புக்குப் பொதுவாக 30 மைக்ரானுக்கு மேற்பட்ட, நீளமான, சற்று முரட்டுத்தனமான இழைதான் வேண்டும். கையில் எடுத்தவுடன் வழுவழுவென்று பஞ்சு போலிருப்பதைத் தரத்தின் அடையாளமாக எண்ணிவிடாதீர்கள். நல்ல விரிப்புக் கம்பளி விரலுக்கு விறைப்பாகவும், அமுக்கிவிட்டால் எதிர்த்து எழுவதாகவும், இலேசான எண்ணெய்ப் பசை உள்ளதுபோலவும் தோன்றும். செத்த ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்களால் பிரித்தெடுத்த கம்பளி வறண்டு, மங்கலாக, நொறுங்கும் தன்மையோடு இருக்கும். அத்தகைய நூலால் நெய்தது என்றால் முடிச்சு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் பயனில்லை.

உள்ளங்கையை வைத்து ஒரே இடத்தில் ஐந்தாறு முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். புதிய விரிப்பில் கொஞ்சம் துணுக்கு கையோடு வருவது இயல்பு. தேய்க்கத் தேய்க்கக் குறையாமல் கற்றையாக வந்துகொண்டே இருந்தால் அது குட்டை இழைகளால் நூற்ற நூல் என்று அறியலாம். கலப்படச் சந்தேகம் இருந்தால், விற்பவரின் ஒப்புதலோடு ஓரத்திலிருந்து ஓரிரு இழைகளை எடுத்து, வெளியில் பாதுகாப்பாகப் பற்றவைத்துப் பாருங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணியாகும். காகிதம் எரிந்த வாசனை வந்தால் அது பெரும்பாலும் மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் என்னும் இழை.

விஸ்கோஸைப் பற்றி இங்கே தனியே எச்சரிக்க விரும்புகிறேன். ‘மூங்கில் பட்டு’, ‘செயற்கைப் பட்டு’ என்ற பெயர்களில் கம்பளியோடு கலந்து, பூக்களுக்குப் பளபளப்புக் கொடுப்பதற்காக இதைச் சேர்க்கிறார்கள். கடை விளக்கில் கண்ணைக் கவரும். ஈரம் பட்டால் வலுவிழந்து, காய்ந்த பிறகு மஞ்சள் பூத்து விறைத்துவிடும். அந்தக் கறையைப் போக்குவது மிகவும் கடினம். நடமாட்டமும் குழந்தைகளும் உள்ள அறைக்கு அதை வாங்க வேண்டாம். இதற்கு மாறாக, அடித்தளத்தில் பருத்தி நூல் இருப்பது குறையே அன்று. மேலே நிற்கும் நூல் முழுவதும் கம்பளியாகவும், பாவும் (நெடுக்கு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) பருத்தியாகவும் இருப்பது பரவலான வழக்கம். பருத்திப் பாவு விரிப்பைக் கோணாமல் தட்டையாகக் கிடக்க வைக்கிறது.

இப்போது புரட்டுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பத்து நிமிடமாவது இதற்கு ஒதுக்குங்கள். ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டி, வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து, கையில் இருப்பது நான்கு வகைகளில் எது என்று சொல்லிவிடலாம்.

கோலம் முழுவதும் முன்பக்கத்தைப் போலவே அடிப்பக்கத்திலும் தெளிவாகத் தெரிந்து, வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு புடைப்புகள் காணப்பட்டால், அது பெரும்பாலும் கையால் முடிச்சிட்ட விரிப்பு. ஒவ்வொரு நூலும் இரண்டு பாவு இழைகளைச் சுற்றி முடியப்பட்டு, ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் ஊடு நூல் செலுத்தி அடித்து இறுக்கப்பட்டிருக்கும். பசை என்பதே இதில் இல்லை. முகப்பை வெளிப்புறமாக வைத்து விரிப்பை இலேசாக மடக்கினால் நூல் வரிசைகள் பிளந்து அடி தெரியும். அந்த அடியில் ஒவ்வொரு நூற்கற்றையின் கழுத்திலும் முடிச்சைக் கண்ணாலேயே காணலாம். ஓரத்துக் குஞ்சத்தையும் பாருங்கள். கையால் முடிச்சிட்டதில் குஞ்சம் என்பது பாவு இழைகளின் நீட்சியே. அது விரிப்பின் உள்ளிருந்து வெளியே வந்திருக்கும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இந்த முறையின் ஆயுளுக்குச் சான்று வேண்டுமானால் பசிரிக் விரிப்பைச் சொல்லலாம். சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில் பனி உறைந்த ஒரு கல்லறையிலிருந்து 1949-இல் செர்கேய் ருதென்கோ என்னும் தொல்லியல் அறிஞர் அதை எடுத்தார். ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்று புனித பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழுகாமல் காத்தது பனிக்கட்டிதான் என்றாலும், அன்று போடப்பட்ட முடிச்சுகள் இன்றும் அவிழாமல் நிற்கின்றன. அதே வகை முடிச்சை நெசவாளர்கள் இன்றும் போடுகிறார்கள்.

அடிப்பக்கம் முழுவதும் ஒரு துணி ஒட்டி மூடப்பட்டிருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணியில் குத்திச் செருகி, லேடெக்ஸ் பசையால் ஒட்டிய வகை. இதை டஃப்டட் என்பார்கள். ‘கையால் செய்தது’ என்று இதையும் விற்கிறார்கள்; அது பொய்யன்று, ஆனால் முடிச்சு என்று ஒன்று இதில் கிடையாது. பசை இருக்கும்வரைதான் நூல் நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை காய்ந்து தூளாகும். சில விரிப்புகளில் ரப்பர் நாற்றம் நீங்கவே நீங்காது. என் நீல விரிப்பு இந்த வகைதான். குறைந்த செலவில், ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பயன்பட்டால் போதும் என்று தெரிந்து வாங்குபவருக்கு இது தவறான தேர்வு இல்லை. முடிச்சிட்டது என்று நம்பி, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குவதுதான் இழப்பு.

மூன்றாவது, நூல்முனைகளே இல்லாமல் ஜமுக்காளம் போலத் தட்டையாக நெய்யப்பட்ட கிலிம் வகை. இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், எடை குறைவு, தூசு தங்காது, சாப்பாட்டு மேசைக்கு அடியில் போட மிகவும் ஏற்றது. வழுக்கும் என்பதால் அடிவிரிப்பு கட்டாயம் வேண்டும். நான்காவது இயந்திரத்தில் நெய்தது. இதிலும் கோலம் அடிப்பக்கத்தில் தெரியக்கூடும். எனவே கோலம் தெரிவதை மட்டும் வைத்து ஏமாந்துவிடக் கூடாது. இயந்திர நெசவில் வரிசைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரே சீராக இருக்கும், ஓரங்கள் தனியாகத் தைக்கப்பட்டிருக்கும். கைநெசவில் ஒரு முனையின் அகலம் மறுமுனையைவிட ஓரிரு சென்டிமீட்டர் வேறுபடும், ஒரு பூ மற்றொரு பூவைவிடச் சற்றே சாய்ந்திருக்கும். இவற்றைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

முடிச்சுகளை எண்ணும்போது

ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை முடிச்சு என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நீங்களே எண்ணலாம். அடிப்பக்கத்தில் அளவுகோலை வைத்து, குறுக்காக ஓர் அங்குலத்தில் உள்ள முடிச்சுகளையும் நெடுக்காக ஓர் அங்குலத்தில் உள்ளவற்றையும் எண்ணிப் பெருக்குங்கள். இதில் புதியவர்கள் தவறுவது ஓர் இடத்தில்தான்: நெசவைப் பொறுத்து ஒரே முடிச்சு அடிப்பக்கத்தில் பக்கம்பக்கமாக இரண்டு புடைப்புகளாகத் தெரிவதுண்டு. ஒற்றை முடிச்சுக் கோடு ஒன்றைக் கோலத்தில் தேடி, அது ஒரு புடைப்பா இரண்டா என்று பார்த்துக்கொண்டால் எண்ணிக்கை இரட்டிப்பாகாது.

குறுக்கே பத்து, நெடுக்கே பத்து என்று சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு உள்ள விரிப்பை எடுத்துக்கொள்வோம். ஆறடிக்கு ஒன்பதடி என்றால் அதில் 7,77,600 முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சுக்கு மூன்றே நொடி என்று கொண்டாலும் 648 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாமல் முடிந்தால் 81 நாள். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதும், வியக்கத்தக்க மலிவில் கிடைக்கும்போது யாருடைய உழைப்பு அதில் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று ஏன் கேட்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலேயே விளங்கும். குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்யப்பட்டவற்றுக்காக 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கிய சான்று முத்திரை இப்போது குட்வீவ் என்ற பெயரில் வழங்குகிறது. கையால் முடிச்சிட்டதை வாங்கும்போது அப்படியொரு சான்று உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்று கொள்ள வேண்டாம். கொடியும் இலையுமாக நுணுக்கமான வளைவுகள் உள்ள கோலத்துக்கு நெருக்கமான முடிச்சு தேவை. கட்டங்களும் கோணங்களும் உள்ள மலைநாட்டு விரிப்புகள் தடித்த நூலில், சதுர அங்குலத்துக்கு 50, 60 முடிச்சிலேயே தலைமுறை தாண்டி உழைக்கின்றன. முடிச்சா கம்பளியா என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தால் நான் நல்ல கம்பளியையே எடுப்பேன்.

சாயத்தைச் சோதியுங்கள்

வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அடர்ந்த சிவப்பும் கருநீலமும் உள்ள இடங்களில் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பை விட்டுவிடுங்கள். முதல் முறை நீர் சிந்தும்போதே சிவப்பு வெள்ளைக்குள் பரவிவிடும். அடுத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் நூல்களைப் பிளந்து நுனி முதல் அடிவரை பாருங்கள். நுனி வெளுத்து அடி அடர்ந்திருந்தால் வெயிலில் மங்கியிருக்கிறது அல்லது பழமைத் தோற்றத்துக்காக இரசாயனத்தில் வெளுக்க வைத்திருக்கிறார்கள். நுனியில் நிறமும் அடியில் வெளிறலும் இருந்தால், தேய்ந்ததை மறைக்க மேலே சாயம் பூசியிருக்கலாம்.

அவுரி, மஞ்சிட்டி வேர் போன்ற இயற்கைச் சாயங்கள்தாம் உயர்ந்தவை என்று பலர் கருதுகிறார்கள். 1856-இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த பிறகு வந்த தொடக்ககாலச் சாயங்கள் பல, விரைவில் வெளுத்துக் கெட்ட பெயர் வாங்கியது உண்மைதான். இன்றைய நல்ல செயற்கைச் சாயங்கள் நன்றாகவே நிற்கின்றன. ஒரே நிறப் பரப்பில் குறுக்கே பட்டை பட்டையாகச் சாயல் மாறினால் அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். நூலைத் தனித்தனித் தொகுதிகளாகத் தோய்க்கும்போது வரும் வேறுபாடு அது, அப்ராஷ் என்று அதற்குப் பெயரே உண்டு.

நிறத்தை முடிவு செய்யுமுன் விரிப்பின் இரு முனைகளிலும் மாறி மாறி நின்று பாருங்கள். நூல்முனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒரு முனையிலிருந்து பார்த்தால் வெளிறியும், மறுமுனையிலிருந்து பார்த்தால் அடர்ந்தும் தோன்றும். உங்கள் அறைக்குள் நுழைபவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார் என்பதை நினைத்துப் போட வேண்டும். முடிந்தால் ஓரிரு நாள் வீட்டில் விரித்துப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி உண்டா என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

விரிப்பை விரிப்பதற்கு முன் அடிவிரிப்பைப் போடுங்கள். ஃபெல்ட்டும் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) இயற்கை ரப்பரும் சேர்ந்ததாக, எல்லாப் பக்கமும் விரிப்பைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் வெளியே தெரியாது. மலிவான பிவிசி அடிவிரிப்புகள் சில தரைகளில் கறையை விட்டுவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

முதல் சில மாதங்கள் துணுக்கு உதிர்வதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வேக்குவம் கிளீனரின் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் விசையை மட்டும் பயன்படுத்தி, நூல் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், குஞ்சத்தின்மேல் ஓட்டாதீர்கள். இடையில் ஒரு நூல் மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பதைக் கண்டால், கை பரபரக்கும். ஆனால் இழுக்கவே கூடாது. கத்தரிக்கோலை விரிப்புக்குக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, சுற்றியுள்ள நூல்களின் மட்டத்துக்கு அதை வெட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைத் தலைமாற்றிப் போட்டால் தேய்மானமும் வெயிலும் ஒரே பக்கத்தில் விழாது.

ஏதேனும் சிந்தினால் உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும், இல்லையெனில் கறை பரவும். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் மீண்டும் ஒற்றுங்கள். பிளீச்சிங் திரவம் கம்பளியைக் கரைத்தே விடும். சலவைச் சோடா போன்ற காரப் பொருள்களும் இழையைக் கெடுக்கும். நனைந்த விரிப்பு இரு பக்கமும் முழுக்கக் காயாமல் கிடந்தால் பருத்திப் பாவு மக்கிவிடும். இதே காரணத்தால்தான் பூந்தொட்டியை விரிப்பின்மேல் வைக்கக் கூடாது என்கிறேன். தட்டு வைத்தாலும் அடியில் ஈரம் கசியும். ஓராண்டு கழித்துத் தொட்டியை நகர்த்தும்போது அந்த வட்டம் மட்டும் தொட்டால் பிய்ந்துவரும்.

அந்துப்பூச்சியைப் பொறுத்தவரை, பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது. இருட்டான, யாரும் கைவைக்காத இடங்களையே அது நாடும். ஆகவே மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி, அதனடியில் மறைந்திருக்கும் பகுதியின் இரு பக்கங்களையும் வேக்குவம் செய்யுங்கள். வெண்மையான பட்டு நூல் போன்ற சிறு குழாய்களோ, மணல் போன்ற துகள்களோ, திட்டுத் திட்டாக நூல் குறைந்த இடங்களோ தென்பட்டால் உடனே கவனிக்க வேண்டும். சிறிய விரிப்பானால் பிளாஸ்டிக்கில் சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு வாரம் வைத்தெடுத்தால் புழுவும் முட்டையும் மடியும். பெரியதை விரிப்பு கழுவுவதில் பழகியவர்களிடம் ஒப்படைப்பதே நல்லது. பயன்படுத்தாமல் எடுத்துவைப்பதானால், முதலில் சுத்தம் செய்து நன்றாக உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, பருத்தித் துணியில் பொதிந்து, தரையில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, அப்போதும் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே மறுபடி சுருட்டுங்கள்.